மின்தடையின்போதும் வீட்டில் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோகாதிருக்க: முழுமையான வழிகாட்டி

மின்தடை என்றதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் தேடப்படுவது பவர் பேங்க். கைப்பேசியில் சார்ஜ் இருந்தால் யாரையும் எப்போதும் அழைத்துவிடலாம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் மின்சாரம் நின்றவுடன் முதலில் அணைவது கைப்பேசி அல்ல. சுவரோரத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் இணையப் பெட்டி. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் வைஃபை வழியாகவே பேசிப் பழகிய குடும்பத்தில், அந்தப் பெட்டி அணைந்ததும், கைப்பேசியில் முழுச் சார்ஜ் இருந்தும் தொடர்பு இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன்பு, நம் வீட்டிலிருந்து ஓர் அழைப்பு எந்தெந்தக் கருவிகளைக் கடந்து வெளியே செல்கிறது, அவற்றுள் எவை நம் வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கின்றன என்று கண்டறிவதே முதல் வேலை.

படி 1: உங்கள் இணைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்ளுங்கள்

பழைய செம்புக் கம்பி வழியாக வரும் தரைவழித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரமே தேவையில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து அந்தக் கம்பியிலேயே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. நிலையத்தில் பேட்டரி வரிசைகளும் ஜெனரேட்டரும் இருப்பதால், ஊர் முழுவதும் இருண்டிருந்தாலும் அந்தத் தொலைபேசி வேலை செய்யும். இத்தகைய இணைப்பு இன்னும் உங்களிடம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஒரே நிபந்தனை, ரிசீவர் சுருள் கம்பியால் இணைக்கப்பட்ட சாதாரணத் தொலைபேசி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய கார்ட்லெஸ் தொலைபேசியின் அடித்தளப் பெட்டி சுவர் மின்சாரத்தில் இயங்குவது. கைக்கருவியில் பேட்டரி இருந்தாலும், அடித்தளம் அணைந்துவிட்டால் அது பயன்படாது. மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும்: இடி மின்னலின்போது கம்பித் தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசக் கூடாது.

ஃபைபர் இணைப்பு இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. கண்ணாடி இழையில் ஒளி மட்டுமே செல்லும், மின்சாரம் செல்லாது. எனவே, அந்த ஒளியை மின் குறிகளாக மாற்றும் ஓ.என்.டி. என்னும் பெட்டிக்கு வீட்டிலிருந்துதான் மின்சாரம் கிடைத்தாக வேண்டும். அந்தப் பெட்டியின் பின்புறத் துளையில் செருகப்பட்டிருக்கும் தொலைபேசியும் அதனோடு சேர்ந்தே அணையும். "எங்கள் வீட்டில் தரைவழித் தொலைபேசி இருக்கிறதே" என்று நம்பியிருக்கும் பலரும் இதை அறிவதில்லை. செம்புக் கம்பியை மாற்றி ஃபைபர் கொடுத்தபோது, மின்தடையிலும் ஒலிக்கும் அந்தப் பழைய குணம் சத்தமின்றிப் போய்விட்டது. இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்தனுப்பும் கருவிகள் பொதுவாக மின்சாரமே தேவைப்படாதவை. ஆகவே, நிலையத்தில் மாற்று மின்சாரம் இருந்து, உங்கள் பெட்டிக்கும் நீங்கள் மின்சாரம் கொடுத்தால், தெருவே இருளில் இருந்தாலும் இணையம் வரும்.

கேபிள் டி.வி. கம்பி வழியாக வரும் இணையத்துக்கு இந்த உறுதி கிடையாது. தெருக்களில் உள்ள ஆம்ப்ளிஃபையர்களுக்கு மின்சாரம் வேண்டும். அவற்றோடு வைத்திருக்கும் பேட்டரி தீர்ந்தால் இணைப்பும் முடிந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில கட்டடங்களில் ஃபைபர் கீழ்த்தளத்திலோ மொட்டைமாடியிலோ உள்ள ஒரு சுவிட்சு பெட்டி வரைக்கும்தான் வருகிறது. அங்கிருந்து வீடுகளுக்குச் செல்வது சாதாரண நெட்வொர்க் கேபிள். அந்தப் பெட்டிக்குப் பேட்டரி இல்லையென்றால், உங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய யூ.பி.எஸ். வைத்தாலும் பயனில்லை. அதற்குக் குடியிருப்போர் சேர்ந்துதான் வழிசெய்ய வேண்டும்.

செல்போன் கோபுரங்களிலும் பேட்டரிகள் உண்டு, பலவற்றில் டீசல் ஜெனரேட்டரும் உண்டு. ஆனால் அவை வரம்புக்கு உட்பட்டவை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய இரு நாடுகளிலும் நண்பகல் வேளையில் மின்கட்டமைப்பு முழுவதுமாக நிலைகுலைந்தபோது இதைத் தெளிவாகக் காண முடிந்தது. தொடக்கத்தில் பல இடங்களில் செல்போன்கள் வேலை செய்தன. நேரம் செல்லச்செல்லக் கோபுரங்களின் பேட்டரிகள் தீர்ந்து, பகுதி பகுதியாகத் தொடர்பு போயிற்று. மின்தடை நீளும் என்று தெரிந்தால் அவசியமான தகவல்களை முதல் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படி 2: மின்சாரத்தை நீங்களே நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்

ஊகத்தைவிடச் சோதனை மேல். வீட்டில் அனைவரும் இருக்கும் ஓய்வு நாள் ஒன்றில், பகல் வெளிச்சத்தில், ஒரு மணி நேரத்துக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உயிர்காக்கும் மருத்துவக் கருவி எதுவும் இயங்கும் வீடாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாமல், இணையக் கருவிகளின் சுவிட்சுகளை மட்டும் அணைத்துப் பாருங்கள். எந்தெந்தக் கருவிகள் அணைந்தன, வீட்டின் எந்த அறையில் செல்போன் சிக்னல் உண்மையில் கிடைக்கிறது, எந்த அறையில் வைஃபை இல்லாமல் பேசவே முடியவில்லை என்பன எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் சன்னலைக் குறித்துக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருப்போருக்கு இந்தச் சோதனை மிக முக்கியம். விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருக்க, இணையப் பெட்டி மட்டும் அணைந்து கிடக்கும் வீடுகள் நிறைய உண்டு. பெட்டி செருகப்பட்டிருக்கும் பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கப்படாததே காரணம். எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பாயிண்ட்டை மாற்றிக்கொண்டால் உங்கள் வேலை பாதிக்கு மேல் முடிந்தது. சில வீடுகளில் பெட்டி இன்வெர்ட்டர் லைனிலேயே இருந்தும், மின்சாரம் மாறும் நொடியில் அணைந்து மீண்டும் தொடங்கும். அது முழுவதுமாகத் தொடங்கி இணையம் கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகும். பல இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். முறை என்று ஒரு தெரிவு இருக்கும். அதற்கு மாற்றினால் மாற்ற நேரம் குறைந்து இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

அதே சோதனையில் ஓ.என்.டி.யின் விளக்குகளையும் கவனியுங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், உங்கள் பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பி.ஓ.என். விளக்கு நிலையாகப் பச்சை நிறத்தில் எரிந்தால் வெளியே உள்ள பாதை நலமாக இருக்கிறது. உண்மையான மின்தடை வரும்போது, கோளாறு வீட்டுக்குள்ளா வெளியேயா என்பதை இந்த இரு விளக்குகளே சொல்லிவிடும்.

படி 3: இணையப் பெட்டிக்குத் தனி மின்சாரம்

இதற்குப் பலரும் கணினிக்கு வைக்கும் யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி வைக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் சிக்கனமானதும் இல்லை. அதற்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் நேர்மின்சாரம் முதலில் சுவர் மின்சாரத்தைப் போன்ற மாறுமின்சாரமாக மாற்றப்படுகிறது. பின்பு பெட்டியின் அடாப்டர் அதை மறுபடியும் 12 வோல்ட்டுக்கு இறக்குகிறது. ஏற்றி இறக்கும் இந்த வேலையிலேயே, இணையப் பெட்டி உண்ணும் அளவுக்கு நிகரான மின்சாரம் வீணாகிவிடலாம். போதாக்குறைக்கு, இணைத்திருக்கும் கருவி மிகக் குறைவான மின்சாரத்தை எடுத்தால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிச் சில யூ.பி.எஸ்.கள் தாமாகவே அணைந்துவிடுகின்றன.

இந்த வேலைக்கென்றே வந்திருப்பது ரூட்டர் யூ.பி.எஸ். அல்லது மினி யூ.பி.எஸ். எனப்படும் சிறு பெட்டி. அதனுள் லித்தியம் பேட்டரி இருக்கும். சுவர் அடாப்டருக்கும் இணையப் பெட்டிக்கும் நடுவில் அதை இணைத்துவிட்டால், மின்சாரம் நின்றதை இணையப் பெட்டி உணராமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். என் பரிந்துரை இதுவே. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது வோல்ட் அளவு. உங்கள் அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட் என்றிருக்கும், சிலவற்றில் 9 அல்லது 5 என்றும் இருக்கும். அதே அளவைத்தான் கொடுக்க வேண்டும். 9 வோல்ட் கருவிக்கு 12 கொடுத்தால் அது பழுதாகலாம். ஆம்பியர் அளவு மட்டும் அடாப்டரில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. இரண்டாவது, முனையின் துருவம். அடாப்டரில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிய வளைவும் வரைந்து, கூட்டல், கழித்தல் குறிகள் இட்டிருப்பார்கள். பெரும்பாலானவற்றில் நடுப்பகுதியே நேர்முனை, ஆயினும் பார்த்து உறுதிசெய்வது நல்லது. மூன்றாவது, முனையின் பருமன். வெளிவிட்டம் 5.5 மி.மீ. ஆக இருக்கும் இரு முனைகளில், உள்விட்டம் ஒன்றில் 2.1 ஆகவும் மற்றொன்றில் 2.5 ஆகவும் இருக்கும். பொருந்தாத முனை தளர்ந்து நின்று, யாரேனும் மேசையைத் தொட்டாலே இணைப்பு போய்விடும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். பேட்டரிகளின் மேல் எம்.ஏ.எச். என்று குறிப்பிடும் எண், உள்ளிருக்கும் செல்லின் ஏறத்தாழ 3.7 வோல்ட்டுக்கு உரியது. அதை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 10,000 எம்.ஏ.எச். என்பது 37 வாட்-மணி. வீட்டு இணையப் பெட்டி ஒன்று சராசரியாக 8 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டு, மாற்றத்தில் ஏற்படும் இழப்புக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், 37 வாட்-மணியில் அது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ஓ.என்.டி.யும் வைஃபையைப் பரப்பும் ரூட்டரும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் தேவை. ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு வைஃபை பெயர் திரையில் தெரிகிறதே, இணையம் ஏன் வரவில்லை என்று குழம்ப வேண்டாம். மேலதிகமாக வைத்திருக்கும் வைஃபை விரிவாக்கிகளை மின்தடையின்போது கழற்றிவிட்டு, முதன்மைப் பெட்டிக்கு அருகில் அமர்ந்து பேசுவதே சிக்கனம்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல பவர் பேங்க் இருப்பவர்கள், யூ.எஸ்.பி. மின்சாரத்தை 12 வோல்ட்டாக உயர்த்தித் தரும் கேபிள் ஒன்றை வாங்கி, அதிலிருந்தே இணையப் பெட்டியை இயக்கலாம். பவர் பேங்க் 18 வாட்டுக்குக் குறையாமல் தரக்கூடியதாக இருக்கட்டும். ஒரு குறை உண்டு: மின்சாரம் நின்ற பிறகு நாமே எழுந்து சென்று கேபிளை மாற்ற வேண்டும். பவர் பேங்கைச் சார்ஜரிலும் பெட்டியிலும் ஒரே நேரத்தில் நிரந்தரமாக மாட்டிவைத்தால் இந்த வேலை மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் மின்சாரம் நிற்கும் கணத்தில் பல பவர் பேங்குகள் வெளியீட்டை ஒரு நொடி துண்டித்துவிடுவதால் இணையப் பெட்டி மறுதொடக்கம் ஆகும். ஓயாத சார்ஜில் பேட்டரியும் சூடாகிச் சீக்கிரம் கெடும்.

படி 4: கைப்பேசியின் சார்ஜைக் காப்பாற்றுதல்

5,000 எம்.ஏ.எச். பேட்டரியுள்ள கைப்பேசி ஒன்றில் ஏறத்தாழ 19 வாட்-மணி இருக்கிறது. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் அதை இரண்டு முறை நிரப்பும் என்று எண் சொன்னாலும், இழப்புகளைக் கழித்தால் ஒன்றேகால் முறைக்குச் சற்று மேல்தான் நடக்கும். குடும்பத்தில் எத்தனை கைப்பேசிகள் உள்ளன என்று இதைக்கொண்டு கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைப்பதில் திரைக்குத்தான் முதலிடம். வெளிச்சத்தைக் குறையுங்கள், பேட்டரி சேமிப்பு முறையை இயக்குங்கள், காணொளிகளைத் தவிருங்கள். மின்தடை பற்றிய செய்திகளுக்காகக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பதைவிடப் பேட்டரியில் இயங்கும் சிறு வானொலியைக் கேட்பது எவ்வளவோ நல்லது. திரைக்கு அடுத்தபடியாகப் பேட்டரியைத் தின்பது பலவீனமான சிக்னல். கோபுரம் தொலைவில் இருந்தாலும் அணைந்துவிட்டாலும் கைப்பேசி தன் ஒலிபரப்புத் திறனைக் கூட்டிக்கூட்டித் தேடிக்கொண்டே இருக்கும். சட்டைப்பையில் சும்மா கிடக்கும் கைப்பேசி சூடாக இருந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். அப்படிப்பட்ட இடத்தில் விமானப் பயண முறைக்கு மாற்றிவிட்டு, குறித்த நேரங்களில் மட்டும் வெளியே எடுங்கள். இணையப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தால், விமானப் பயண முறையிலேயே வைஃபையை மட்டும் இயக்கிக்கொள்ளலாம். வைஃபை அழைப்பு வசதி, அதாவது கோபுரத்துக்குப் பதிலாக வைஃபை வழியாக வழக்கமான எண்ணிலேயே பேசும் வசதி, இருந்தால் அப்போதும் உங்கள் எண்ணுக்கு அழைப்புகள் வரும்.

எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள். ஒன்றை மட்டும் விழித்திருக்க விட்டு, மற்றவற்றை அணைத்துவிடுவது குடும்பத்தின் மொத்தச் சார்ஜையும் இரண்டு மூன்று மடங்கு நீட்டிக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகள் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, ஒன்றின் கோபுரம் அணைந்தாலும் மற்றொன்று இருக்கலாம். பொத்தான் வைத்த பழைய கைப்பேசி ஒன்று அலமாரியில் கிடந்தால் அதைத் தூசு தட்டி எடுங்கள். ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாள் தாங்கும். ஆனால் 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்திவிட்ட நாடுகளில் பழைய கருவிகள் வேலை செய்யாது என்பதால், சிம் போட்டு ஓர் அழைப்பை முன்கூட்டியே செய்து பார்த்துவிடுங்கள்.

படி 5: தகவல் சென்று சேரும் வழிகளை முன்பே திறந்துவையுங்கள்

வைஃபை அழைப்பு வசதியைக் கைப்பேசியின் அமைப்புகளில் இன்றே இயக்கிவையுங்கள். கோபுரம் அணைந்த பிறகு அதைத் தேடித் திறப்பது பல வேளைகளில் கைகூடாது.

நெரிசலில் அழைப்பு போகாதபோது எஸ்.எம்.எஸ். போகும். குரல் அழைப்புக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் பாதை திறந்திருக்க வேண்டும், எஸ்.எம்.எஸ்.ஸோ நிறுவனத்தின் கணினியில் காத்திருந்து, வழி கிடைக்கும்போது சென்று சேரும். தமிழில் எழுதுவோர் ஒரு கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் வரை இடமுண்டு. தமிழில் 70 மட்டுமே, அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். "நலம்" என்பதே நான்கு குறிகள். எல்லை மீறினால் செய்தி துண்டுகளாகிச் செல்லும், ஒரு துண்டு தாமதித்தாலும் மொத்தமும் காத்திருக்கும். ஆகவே "நலம். வீட்டில் இருக்கிறோம். மாலை 6க்கு அழைக்கிறேன்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படி நேரம் குறித்துச் சொல்வது மிகவும் பயனுள்ள பழக்கம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பத்து முறை அழைத்துப் பார்த்துப் பதற்றப்படுவதும், இங்கே அந்த அழைப்புகளை எதிர்பார்த்துக் கைப்பேசி விழித்தே கிடப்பதும் இதனால் தவிர்க்கப்படும். பாதிக்கப்படாத ஊரில் உள்ள உறவினர் ஒருவரை எல்லோருக்கும் பொதுவான தொடர்பாளராக வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும், அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

கைப்பேசி அணைந்திருக்கும்போது வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பவும் முடியும். இரண்டு நட்சத்திரக் குறி, 62, ஒரு நட்சத்திரக் குறி, திருப்ப வேண்டிய எண், கடைசியில் # என்று அழுத்தி அழைத்தால், இந்தக் குறியீட்டை ஏற்கும் நிறுவனங்களில், தொடர்பெல்லைக்கு வெளியே இருக்கும்போது மட்டும் அழைப்பு அங்கே செல்லும். இது வலையமைப்பில் பதியும் கட்டளை என்பதால், சிக்னல் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். முன்பின் தெரியாதவர் யாரேனும் இத்தகைய குறியீட்டை அழுத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள், உங்கள் அழைப்புகளைத் தம் எண்ணுக்குத் திருப்பிக்கொள்ள மோசடிக்காரர்கள் கையாளும் வழியும் இதுவே.

அவசர உதவிக்கு 112 என்ற எண் ஏராளமான நாடுகளில் பொதுவானது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாதபோதும், அருகில் வேறு எந்த நிறுவனத்தின் கோபுரம் இயங்கினாலும் கைப்பேசி அதன் வழியாக அவசர அழைப்பை அனுப்ப முயலும். எனவே திரையில் சிக்னல் கோடு இல்லை என்பதற்காக அழைக்காமல் இருந்துவிடாதீர்கள். இணைப்பு கிடைத்ததும் முதல் வாக்கியமாக முகவரியைச் சொல்லுங்கள். முக்கியமான எண்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, முதியவர்களுக்கும் எட்டும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அணைந்த கைப்பேசிக்குள் இருக்கும் எண்கள் யாருக்கும் உதவாது.

படி 6: தடை நீண்டால் சார்ஜுக்கு வேறு வழிகள்

மடிக்கணினி ஒன்று முழுச் சார்ஜில் இருந்தால் அதில் பெரும்பாலும் 40 முதல் 60 வாட்-மணி வரை இருக்கும். திரையை அணைத்துவிட்டு அதன் யூ.எஸ்.பி. துளையில் கைப்பேசியைச் சார்ஜ் செய்யலாம். கார் இருந்தால், அதில் ஏற்கெனவே உள்ள யூ.எஸ்.பி. துளை பல வண்டிகளில் மிக மெதுவாகத்தான் சார்ஜ் செய்யும். 12 வோல்ட் துளையில் செருகும் தனிச் சார்ஜர் வேகமானது. இதற்காக எஞ்சினை ஓடவிட நேர்ந்தால் வண்டி திறந்தவெளியில் நிற்க வேண்டும். மூடிய கார் ஷெட்டுக்குள் ஓடும் எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும். ஜெனரேட்டருக்கும் இதே விதிதான், அதை வீட்டுக்குள்ளோ சன்னலுக்கு அடியிலோ வைக்கவே கூடாது. சிறிய சோலார் தகடு வைத்திருப்போர் கைப்பேசியை நேராக அதில் மாட்டி வெயிலில் வைக்காமல், பவர் பேங்கை நிழலில் வைத்து அதை நிரப்பி, பின்பு கைப்பேசிக்கு ஏற்றுவது நல்லது. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் பகை.

படி 7: மின்சாரம் திரும்பும்போதும் அதன் பிறகும்

நீண்ட தடைக்குப் பின் வரும் முதல் சில நிமிடங்களில் வோல்ட் ஏறி இறங்கலாம், மறுபடியும் நிற்கலாம். அதுவரை இணையப் பெட்டியின் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவைத்து, விளக்கு நிலையாக எரிகிறது என்று உறுதியான பிறகு மாட்டுங்கள். முதலில் பவர் பேங்கையும் மினி யூ.பி.எஸ்.ஸையும் நிரப்புங்கள், கைப்பேசிகள் பிறகு. ஒரு தடையைத் தொடர்ந்து சில மணி நேரத்தில் இன்னொன்று வருவது அரிதன்று.

பயன்படுத்தாமல் கிடக்கும் பவர் பேங்கும் மெல்லமெல்லச் சார்ஜை இழக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து நிரப்புங்கள். உப்பிப்போனதையோ சார்ஜின்போது கைபொறுக்காத அளவுக்குச் சூடாவதையோ பயன்படுத்தாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள். ஈய அமில பேட்டரியுள்ள யூ.பி.எஸ். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பேட்டரி மாற்றக் கேட்கும், ஆண்டுக்கு ஒரு முறை படி 2இல் சொன்ன சோதனையைச் செய்தால் அது தெரிந்துவிடும். அழைப்புத் திருப்பலை அமைத்திருந்தவர்கள், இரண்டு # குறிகள், 62, மீண்டும் ஒரு # என்று அழுத்தி அழைத்து அதை நீக்கிவிடுங்கள்.